யார் யாரை அடித்தார்கள்

"மேடம், ஒரு சின்ன விஷயம்," என்றார் சென்னையிலிருந்து பேசிய இளைஞர். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிறார் என்பது குரலிலேயே தெரிந்தது. "முப்பத்தெட்டாவது வரி பாருங்க. இந்த டீம் அந்த டீமை நக்கியதுன்னு போட்டிருக்கீங்க."

அகராதியைப் பார்த்துத்தான் போட்டிருந்தேன். கிரிக்கெட் வர்ணனையாளர் 'லிக்ட்' என்று சொன்னார். லிக் என்றால் நக்குவது. எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்த எனக்கு அது தெரியும். ஒருவரை அடித்துத் தோற்கடிப்பதையும் அதே சொல்லால் சொல்வார்கள் என்பதுதான் தெரியாது. அகராதியில் அந்தப் பொருள் நான்கு வரி தள்ளி இருந்தது. நான் முதல் வரியோடு நின்றுவிட்டேன். போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அலுவலகத்தில் எத்தனை பேர் கூடிச் சிரித்தார்களோ என்ற நினைப்பு போகவே இல்லை.

அப்போது எனக்கு முப்பத்துமூன்று வயது. கணவரின் வீட்டைவிட்டு நான் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. முதலில் நெய்க்காரப்பட்டிக்குத்தான், அம்மாவும் அண்ணன் குடும்பமும் இருக்கிற வீட்டுக்குத்தான் போனேன். தினமும் யாராவது ஒருவர் வந்து, எப்போது திரும்பிப் போகிறாய் என்று கேட்டார்கள். மூன்றாவது வாரம் ஒரு பையோடு பஸ் ஏறித் திண்டுக்கல்லில் இறங்கினேன். பேகம்பூர் பக்கம் ஒரு மாடி அறை வாடகைக்குக் கிடைத்தது. கூடப் படித்த ஒருத்தி சொல்லி, விளையாட்டு நிகழ்ச்சிகளுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதும் வேலையும் கிடைத்தது. வீட்டிலிருந்தபடியே செய்யலாம். மூன்று மாதம் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் நிரந்தரம்.

கிரிக்கெட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அம்மா வீட்டில் ரிமோட் அண்ணன் கையில் இருந்தது, பிறகு கணவர் கையில் இருந்தது. இரண்டு இடத்திலும் கிரிக்கெட் ஓடும்போது நான் அடுப்படியில் இருந்தேன். இப்போது ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரே வரியை ஏழு தடவை எட்டுத் தடவை ஓடவிட்டுக் கேட்பேன். ஹெட்போன் ஒரு வாரத்தில் உடைந்துவிட்டது. அதன் பிறகு லேப்டாப்பின் ஒலியை முழுதாகக் கூட்டி வைத்து வேலை செய்தேன்.

அந்தச் சத்தம்தான் கீழ்வீட்டு அக்காவை மேலே கொண்டுவந்தது. வீட்டின் சொந்தக்காரர் அவர்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவரும் கணவருமாகக் கல்யாணங்களுக்கும் விசேஷங்களுக்கும் பிரியாணி ஆர்டர் எடுத்துச் செய்துகொண்டிருந்தார்கள். மதியம் பன்னிரண்டு மணிக்கெல்லாம் சட்டிகள் வண்டி ஏறிவிடும். அன்றைக்கு அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து வாசலில் நின்றார்.

"ஏம்மா, அந்த ஆளு ஒரே விக்கெட்ட எம்புட்டு தடவதான் எடுப்பான்? கீழ இருந்து கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு."

சத்தத்தைக் குறைக்கிறேன் என்று பதறினேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இது பழைய மேட்ச்சுல்ல? அடுத்த ஓவர்ல ரெண்டு சிக்ஸ் போவும், பாரு."

போயிற்று. அக்கா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆங்கிலம் தெரியாது. ஆனால் கிரிக்கெட்டில் அவருக்குத் தெரியாதது இல்லை. பந்து எங்கே விழுந்தது, ஏன் அந்த இடத்தில் ஒருவனை நிறுத்தினார்கள் என்றெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, வர்ணனையாளர் என்ன பேசிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு முதல்முறையாகப் புரிந்தது. மறுநாள் நானே போய்க் கூப்பிட்டேன். "செத்த நேரம் பொறு, குளிச்சிட்டு வாரேன்," என்றார். அதன் பிறகு கூப்பிட வேண்டியதே இல்லாமல் போயிற்று. மதியம் ஆனால் வந்துவிடுவார்.

ஆங்கிலத்தில் ஒருவரைத் தோற்கடிப்பதற்கு இத்தனை சொற்கள் இருக்கும் என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. பேச்சில் யாரும் வெறுமனே ஜெயிப்பதில்லை. எதிராளியைக் கொண்டு தரையைத் துடைக்கிறார்கள், சலவைக்காரரிடம் கொண்டுபோகிறார்கள், காலை உணவாகச் சாப்பிடுகிறார்கள். நான் ஒவ்வொன்றையும் சொல்லுக்குச் சொல் தமிழில் சொல்வேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"மின்ஸ்மீட் ஆக்கிட்டாங்களாம்க்கா. மின்ஸ்னா பொடிப் பொடியா நறுக்கறது. மீட்னா கறி."

"கொத்துக்கறி போட்டுட்டாங்க. இதுக்கு என்ன யோசனை?"

"டேக்கன் டு த க்ளீனர்ஸ். துணி வெளுக்கறவங்ககிட்ட கூட்டிட்டுப் போனாங்களாம்."

"துவைச்சுக் காயப் போட்டுட்டாங்க."

'ஹேண்ட்ஸ் டவுன்' மட்டும் கொஞ்சம் இழுத்தது. கைகளைக் கீழே விட்டு ஜெயித்தார்கள் என்றால் என்ன அர்த்தம்? தேடிப் பார்த்ததில், அது குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது என்று தெரிந்தது. வெற்றி உறுதியாகிவிட்டால் ஓட்டுகிறவன் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்காமல் கையைத் தளரவிடுவானாம். அக்கா ரசித்துக் கேட்டார். "அப்ப கையை வீசிக்கிட்டு வந்து ஜெயிச்சிட்டுப் போனான்னு எழுது. நல்லாருக்கும்," என்றார். நன்றாகத்தான் இருந்தது. சென்னை இளைஞர் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சிரிப்புப் படம் போட்டு அனுப்பியிருந்தார். அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில்லை. அன்று முழுக்க அதைத் திறந்து திறந்து பார்த்தேன்.

இரண்டாவது மாதம் ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன். 'கேவ் தெம் எ குட் ஹைடிங்' என்றார் வர்ணனையாளர். ஹைடிங் என்றால் ஒளிந்துகொள்வது. அவர்களுக்கு நல்ல ஒளிதலைக் கொடுத்தார்கள் என்று எழுதினால் மறுபடியும் போன் வரும். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்ன சொல்றான்?" என்றார் அக்கா.

"ஹைடுன்னு ஏதோ வருதுங்க்கா. ஒளியறது. ஆனா பொருந்தல."

"ஹைடா? ஹைடுன்னா மாட்டுத்தோலுல்ல?"

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அக்காவின் வாப்பா தோல் பதனிடும் ஷெட்டில் முப்பது வருஷம் வேலை செய்தவர். ஏற்றுமதிக்காரர்கள் மாட்டுத்தோலை ஹைடு என்பார்கள், ஆட்டுத்தோலை ஸ்கின்னு என்பார்கள். சின்ன வயதில் வாப்பாவுக்குச் சோறு கொண்டுபோய்க் கொண்டுபோய் அந்த இரண்டு சொல்லும் அக்காவுக்குப் பழக்கம். "அப்ப தோலை உரிச்சுட்டாங்கன்னுதான சொல்றான்?" என்றார். அகராதியைப் புரட்டினேன். ஹைடிங் என்றால் சரியான அடி, தோல் என்ற அந்தச் சொல்லிலிருந்துதான் வந்திருந்தது. நான் பட்டம் வாங்கிய மொழியில் எனக்குப் பிடிபடாத ஒன்றை, எட்டாம் வகுப்புப் படித்த அக்கா தன் தூக்குவாளி நாட்களிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இருவரும் சிரித்த சிரிப்பில் கீழே இருந்து அவர் வீட்டுக்காரர், "என்னாச்சு?" என்று குரல் கொடுத்தார்.

ஆனால் தோலை உரித்தார்கள் என்று தட்டச்சு செய்யக் கை வரவில்லை. 'பெரும் தோல்வி ஏற்பட்டது' என்று அடித்தேன். அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"நான் சொன்னது இது இல்லையே."

"இதுவும் சரிதானுங்க்கா."

"சரிதான். ஆனா நீ எப்பவுமே இப்படித்தான் எழுதுற. கொத்துக்கறின்னா எழுதிருவ. துவைச்சான்னா எழுதிருவ. அடிச்சான், உரிச்சான்னு வந்தா மட்டும் உன் கை நின்னு போவுது."

அந்த வாரம்தான் சென்னை இளைஞரும் அதையே வேறு விதமாகச் சொல்லியிருந்தார். "மேடம், உங்க வரிகள்ல அடி விழுந்தது, தோல்வி ஏற்பட்டது, பின்னடைவு நேர்ந்ததுன்னே வருது. பார்க்கிறவங்களுக்கு யாரு யாரை அடிச்சாங்கன்னே தெரிய மாட்டேங்குது. அவங்க இவங்களை அடிச்சாங்கன்னு நேரா எழுதுங்க."

நேராக எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. கல்யாணம் ஆன இரண்டாவது வருஷம் அம்மாவுக்குப் போன் செய்து, "அம்மா, அடிபட்டிருச்சுங்கம்மா," என்று சொன்னேன். "ஏங்கண்ணு, வண்டீல இருந்து உழுந்துட்டியா?" என்று அம்மா பதறிப்போய்க் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். என் வாக்கியத்தில் அடித்தவர் இல்லை. அவர் இல்லாமலே வாக்கியம் முழுமையாக இருந்தது. அம்மா என்ன செய்வாள், நான் கொடுத்த வாக்கியத்தைத்தானே புரிந்துகொள்ள முடியும்?

அக்கா பதிலுக்குக் காத்திருந்தார். "அங்க இருந்தப்ப அடி விழுந்துச்சுங்க்கா," என்றேன்.

அவர் திரையை விட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அடி தானா எப்படிம்மா விழும்?"

நான் லேப்டாப்பின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரும் தோண்டவில்லை. எழுந்து போனார். ஒரு தட்டில் சோறும், கத்திரிக்காய் வெஞ்சனமும் எடுத்துக்கொண்டு வந்து வைத்தார். "சாப்பிட்டுட்டு மிச்சத்த எழுது," என்றார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை ஜன்னலருகே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்காமல் இருந்தாரே, அதற்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் மதியம் மூன்று மணி இருக்கும். கீழே ஒரு கார் வந்து நின்றது. கணவரும் அவருடைய பெரியப்பாவும் இறங்கினார்கள். முகவரியை அண்ணன் கொடுத்திருக்க வேண்டும். ஜன்னலிலிருந்து பார்த்ததும் லேப்டாப்பின் ஒலியை நிறுத்தினேன். அக்கா என் பக்கத்தில்தான் இருந்தார். நான் சொல்வதற்கு முன்பே யார் என்று புரிந்துகொண்டார். படியிறங்கி, கடைசிப் படியில் நின்றார். அவரைத் தாண்டி மேலே ஏற இடமில்லை.

"ஏனுங்க்கா, இது எங்க குடும்ப விசயமுங்க. கொஞ்சம் வழி விடுங்க," என்பது கணவரின் குரல்.

"வீடு என்னோடது. மேல இருக்கிற பிள்ளை வரச் சொன்னா விடுறேன்."

அக்காவின் வீட்டுக்காரர் அப்போது உள்ளே இருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். "வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல உக்காருங்க," என்று முற்றத்தில் போட்டார். எலுமிச்சம்பழச் சாறு கலந்து இரண்டு டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தார். சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கவென்று வந்தவர்கள் கையில் டம்ளரோடு உட்கார வேண்டியதாயிற்று. அது தந்திரமா, சுபாவமா என்று பின்னால் ஒரு நாள் அவரிடம் கேட்டேன். "வீட்டுக்கு வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்காம எப்படிம்மா?" என்றார். அவ்வளவுதான் அவருக்கு.

நான் இறங்கி வந்து அக்காவுக்குப் பின்னால், இரண்டு படி மேலே நின்றேன்.

பெரியப்பா நல்ல மனிதர். என் கல்யாணத்தில் முன்னால் நின்று எல்லாம் செய்தவர். அவர்தான் ஆரம்பித்தார். "சிறுசுக குடும்பத்துல ஏதோ கை நீண்டுருச்சு கண்ணு. நடந்தது நடந்து போச்சு. மனசுல வெச்சுக்காத. கெளம்பு, போலாம்."

கை நீண்டுருச்சு. மூன்று மாதமாக நான் எழுதி எழுதித் திருத்தப்பட்ட வாக்கியம் அது. அதிலும் செய்தவர் இல்லை.

"கை தானா நீளலீங்க பெரியப்பா," என்றேன். குரல் எனக்கே கேட்காத அளவுக்குத்தான் வந்தது. அக்கா சற்று ஒதுங்கி நின்றார். இரண்டாவது தடவை சத்தமாகச் சொன்னேன். "அவருதான் என்னை அடிச்சாரு."

நான் நிறுத்தவில்லை, நிறுத்தியிருந்தால் மறுபடி தொடங்கியிருக்க மாட்டேன். "மொத தடவ கொழம்புல உப்பு இல்லீன்னு அடிச்சாரு. அப்பறம் எங்க அம்மாகிட்ட போன்ல ரொம்ப நேரம் பேசுனேன்னு அடிச்சாரு. கடைசியா, நான் வேலைக்குப் போறேன்னு சொன்னதுக்குக் காதுலயே அடிச்சாரு. இந்தப் பக்கத்துக் காது இன்னும் சரியாக் கேக்கறதில்லீங்க."

அக்கா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரே வரியை நான் ஏன் எட்டுத் தடவை ஓடவிடுகிறேன் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"இங்கிலீசு படிச்ச திமிரு," என்றார் கணவர், எழுந்துகொண்டே. பெரியப்பா அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு இதெல்லாம் தெரியாது கண்ணு. நீ விழுந்துட்டன்னுதான் சொன்னாங்க," என்றார். டம்ளரைக் கீழே வைத்தார். "எந்திரி. போலாம்," என்று தம்பி மகனிடம் சொல்லிவிட்டு முதல் ஆளாக அவர்தான் காரில் ஏறினார்.

கார் போன பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜெயித்த மாதிரி எதுவும் இல்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "எந்தக் காது?" என்று மட்டும் கேட்டார். இடது காது என்றேன். மறுநாள் காலை ஆர்டர் சமையலைத் தன் கணவரிடம் விட்டுவிட்டு என்னைக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். செவிப்பறையில் பழைய கிழிசல் இருந்தது. சின்ன ஆபரேஷன் ஒன்று செய்தார்கள். முழுதாகச் சரியாகவில்லை. பாதிக்கு மேல் கேட்கிறது. வரிகளை இப்போது மூன்று தடவை ஓடவிட்டால் போதும்.

அந்த வாரம் அனுப்பிய கோப்பில், 'அவர்கள் இவர்களைத் தோலை உரித்தார்கள்' என்று ஒரு வரி போனது. இலக்கணப்படி அது அத்தனை நேர்த்தி இல்லை. 'இவர்களின் தோலை' என்று இருக்க வேண்டும். சென்னை இளைஞர் அதை மட்டும் திருத்திவிட்டு, "இப்ப உயிர் வந்திருக்கு மேடம்," என்று எழுதியிருந்தார். மாத முடிவில் நிரந்தரம் ஆக்கினார்கள். அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார். என் வாக்கியங்களில் ஆள் இல்லை என்று கண்டுபிடித்துச் சொன்ன முதல் ஆள் அவர். எதைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. தெரியாமலே எனக்கு ஒரு பெரிய உதவியைச் செய்திருந்தார்.

விவாகரத்து வழக்குக்காகக் கோர்ட்டுக்குப் போனபோது அக்கா என்னோடு நான்கு தடவை வந்தார். கடைசித் தடவை அம்மாவும் நெய்க்காரப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். இருவரும் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு நான் இன்னொரு தடவ கேட்டிருக்கோணும்," என்றாள். நான் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அம்மா இப்போதெல்லாம் மாதம் ஒரு தடவை வந்து என்னோடு இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறாள்.

போன மாதம் ஒரு கல்லூரி மைதானத்தில் பெண்கள் கிரிக்கெட் போட்டி நடந்தது. சாப்பாடு ஆர்டர் அக்கா வீட்டுக்கு. "நீயும் வா. எழுதுறதுக்கு இல்ல, சும்மா பாக்கிறதுக்கு," என்று இழுத்துக்கொண்டு போனார். நான் நேரில் பார்த்த முதல் ஆட்டம் அதுதான். சிறுமலைப் பக்கமிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு அணி, பாவம், இருபத்தேழு ரன்னுக்கெல்லாம் சுருண்டுவிட்டது. எதிரணி நாலே ஓவரில் முடித்துவிட்டது. எனக்குத் தெரிந்த சொற்களெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அக்கா பந்தலுக்கு அடியிலிருந்து, "காலை நகட்டு, காலை நகட்டு!" என்று தோற்கிற அணிக்குத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் தோற்ற பெண்கள்தான் முதலில் சாப்பிட வந்தார்கள். கால்சட்டையெல்லாம் செம்மண். நான் தட்டு எடுத்துக் கொடுக்க, அக்கா அள்ளி வைத்தார். அணித்தலைவி உயரமான பெண். கையைக் கூடச் சரியாகக் கழுவாமல் வந்து நின்றாள்.

"போட்டு வெளுத்துட்டாங்கக்கா எங்கள," என்றாள், யாரிடமும் மறைக்க ஒன்றுமில்லை என்பது போல. "அந்தச் சின்னப் பிள்ளை இருக்கா பாருங்க, அவ ஒருத்தியே ஆறு விக்கெட்டு. அம்புட்டு மோசமா இதுவரைக்கும் தோத்ததே இல்ல."

"அடுத்த மேட்ச் எப்ப?" என்றார் அக்கா.

"நாளைக்குக் காலையில. வேற டீமோட."

"அப்ப நல்லாச் சாப்பிடு."

அந்தப் பெண் தட்டை நீட்டி இன்னொரு துண்டு கறி கேட்டாள். அக்கா சட்டிக்குள் கரண்டியை விட்டுத் துழாவி, நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தார். அவளுக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. நான் அடுத்த தட்டை எடுத்தேன்.